ஆறு வெள்ளிக் கரண்டி, 1875 மாஸ்கோ முத்திரை: நம்பலாமா?

#1 தேநீர்ப்பிரியை

வணக்கம். பெர்லினில் இருக்கிறேன். போன ஞாயிறு இங்கே தெருவோரப் பழம்பொருள் சந்தையில் ஆறு தேக்கரண்டி வாங்கினேன். ஜார் காலத்து ரஷ்ய வெள்ளி என்றார் விற்றவர். 240 யூரோ கேட்டார், பேரம் பேசி 210க்கு முடித்தேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் காம்பின் பின்பக்கம் வரிசையாக நாலு முத்திரை. 84 என்று ஓர் எண். குதிரைமேல் ஒருவர் ஈட்டியால் கீழே எதையோ குத்துகிறார். அடுத்து ஆங்கிலத்தில் "பி.சி.", அதற்குக் கீழே 1875. கடைசி முத்திரையில் இரண்டு எழுத்து, மழுங்கிப் போயிருக்கின்றன.

பி.சி. 1875 என்றால் கி.மு. 1875, நீ வாங்கியது ஹரப்பா கரண்டி என்று வீட்டுக்காரர் காலையிலிருந்து ஓட்டுகிறார். 84 என்றால் 84 சதவீதமா? இதெல்லாம் அசல்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கப்பிக்கல்

கி.மு. 1875இல் கரண்டி இருந்திருக்கலாம். தேநீர்தான் இருந்திருக்காது.

#3 நெவாக்கரை

அது ஆங்கிலமே இல்லை. ரஷ்ய எழுத்தில் ஆங்கில பி மாதிரி இருப்பது "வ", சி மாதிரி இருப்பது "ஸ". ஆக அது வி.எஸ். மாஸ்கோவில் 1855 முதல் 1888 வரை சோதகராக, அதாவது வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரியாக இருந்த விக்டர் சவின்கோவின் முதலெழுத்துகள். அவருடைய எழுத்துக்குக் கீழே இருப்பது சோதித்த வருடம். 1875 அவர் காலத்துக்குள் வருகிறது, அந்த வகையில் பழுதில்லை.

குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ், குத்துவது டிராகனை. அது மாஸ்கோ நகரச் சின்னம். பீட்டர்ஸ்பர்க் என்றால் குறுக்காக வைத்த இரண்டு நங்கூரமும் நடுவே செங்கோலும் இருக்கும். மழுங்கிய முத்திரை செய்தவருடையது.

84 சதவீதமல்ல. பழைய ரஷ்யப் பவுண்டு 96 ஸொலோட்னிக் கொண்டது. தூய வெள்ளி 96 என்று கணக்கு. 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. வகுத்துப் பாருங்கள், 0.875 வரும். 88, 91 என்றும் உண்டு, கண்ணில் படுவது குறைவு.

#4 உரைகல்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை, கும்பகோணம். ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் வெள்ளி தெரியும். அக்கா, முத்திரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, பொய் சொல்லாது. பக்கத்தில் நகைக்கடை ஏதாவது இருந்தால் கல்லில் உரைத்து ஆசிட் வைக்கச் சொல்லுங்கள். இல்லை, எக்ஸ்ரே மெஷினில் அரை நிமிடம் வைத்தால் போதும். 87.5 வந்தால் அசல். 92.5 வந்தால் இப்போது செய்தது. வேலை முடிந்தது.

#5 பழஞ்சரக்கு

உரைகல் தம்பி சொன்னதில் பாதி சரி. 92.5 வந்தால் கைகழுவி விடலாம், அதில் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. 87.5 வந்தால் அசல் என்பதுதான் இடிக்கிறது. அந்தப் பாடத்துக்கு நான் இரண்டு மாதச் சம்பளம் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்.

1986 முதல் எட்டு வருடம் தேயிலை வியாபாரத்துக்காக மாஸ்கோவில் இருந்தேன். அந்த நாடு உடைந்துகொண்டிருந்த நேரம், வாரச் சந்தைகளில் வீட்டுச் சாமானெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. அங்கே ஒருவரிடம் ஒரு சிகரெட் பெட்டி வாங்கினேன். ஃபாபெர்ஜே பெயர், ஜார் குடும்பத்துக்கு நகை செய்த பீட்டர்ஸ்பர்க் நிறுவனம். கூடவே "எம்.பி." என்ற கைவினைத் தலைவர் முத்திரை, அதாவது மிகைல் பெர்ஹின். ஜார் குடும்பத்துக்காக ஃபாபெர்ஜேயின் நகை வேலைப்பாட்டு ஈஸ்டர் முட்டைகள் செய்த அதே பட்டறைத் தலைவர். பக்கத்தில் பெண் தலை முத்திரை, 84. வெள்ளியைச் சோதித்தேன், கச்சிதமாக 875. தலைகால் புரியவில்லை எனக்கு.

ஐந்து வருடம் கழித்து ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அந்தப் பெண் தலையைப் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொகோஷ்னிக் என்பது ரஷ்யப் பெண்கள் அணிந்த உயரமான தலையணி. ஊருக்கு ஒரு சின்னம் என்ற பழைய முறையை எடுத்துவிட்டு, 1899இல் நாடு முழுவதற்கும் அந்தத் தலையணி அணிந்த பெண்ணின் தலையை முத்திரையாக்கினார்கள். முதலில் இடப்பக்கம் பார்ப்பாள், கூடவே சோதனை அதிகாரியின் முதலெழுத்து இருக்கும். 1908இல் அவளை வலப்பக்கம் திருப்பினார்கள், அதிகாரி எழுத்துக்குப் பதில் கிரேக்க எழுத்து வந்தது. ஆல்ஃபா என்றால் பீட்டர்ஸ்பர்க், டெல்டா என்றால் மாஸ்கோ. பெர்ஹின் இறந்தது 1903. செத்தவர் ஐந்து வருடம் கழித்து எழுந்து வந்து என் சிகரெட் பெட்டிக்கு முத்திரை அடித்திருக்கிறார்.

அப்புறம்தான் லென்ஸை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். மூடியின் கீலுக்கு அடியில், பாலிஷ் சக்கரம் எட்டாத மூலையில், ஒரு நட்சத்திரத்தின் ஒற்றை முனை மட்டும் மிச்சம் இருந்தது. சோவியத் முத்திரை. 1927இல் அவர்கள் ஸொலோட்னிக்கை விட்டுவிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்குக்கு வந்தார்கள். சுத்தியல் பிடித்த தொழிலாளியின் தலை முத்திரையானது. 1958இல் அதற்குப் பதிலாக நட்சத்திரமும் அதற்குள் அரிவாள் சுத்தியலும் வந்தன. பக்கத்தில் என்ன எண் தெரியுமா? 875. அதே பழைய 84தான், பெயர் மட்டும் மாறியது. ஜார் காலப் பொருளைப் போலி செய்கிறவனுக்கு சோவியத் சிகரெட் பெட்டியைவிட நல்ல கச்சாப்பொருள் கிடைக்காது. நட்சத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் புது முத்திரை அடித்தால் போதும். உங்கள் உரைகல்லும் ஆசிட்டும் எக்ஸ்ரேயும் எல்லாமே "ஆம், அசல்" என்றுதான் சொல்லும்.

#6 உரைகல்

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்று சரியாக இருந்தால் வெள்ளி அசல். காலம் அசலா என்பது வேறு கேள்வி.

ஆனால் எங்கள் பட்டறைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அடித்த முத்திரை வேறு, வார்த்த முத்திரை வேறு. முத்திரை வெட்டிய ஆணியால் அடித்தால் வெள்ளி எங்கும் போகாது, ஒதுங்கும். முத்திரையின் ஓரத்தில் மெல்லிய வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டும். உள்ளே தரை வழுவழுப்பாக, பளிச்சென்று இருக்கும். அசல் கரண்டியை அச்சாக வைத்து வார்த்த நகல் என்றால் முத்திரையும் சேர்ந்தே வார்ப்பில் வரும். அதில் எழுத்தின் மூலை உருண்டிருக்கும், தரை ரவை மாதிரி சொரசொரக்கும், ஊசி முனை அளவு குழிகள் தெரியும்.

#7 நெவாக்கரை

மழுங்கலை வைத்து முடிவு செய்வது கொஞ்சம் ஆபத்து அண்ணா. நூற்றைம்பது வருடம் துலக்கிய கரண்டியில் முத்திரை மழுங்காமல் என்ன செய்யும்?

#8 உரைகல்

நல்ல கேள்வி. தேய்மானம் மேலிருந்து வரும். மேல் விளிம்பு போய்விடும், ஆனால் பள்ளத்தின் அடியில் எழுத்து கூர்மையாகவே இருக்கும், துணி அங்கே எட்டாது. வார்ப்பின் மழுங்கல் மேலே கீழே என்று பார்க்காது. அடிப்பள்ளமும் சேர்ந்து மெழுகு மாதிரி இருக்கும்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. உடைந்த அசல் கரண்டியிலிருந்து முத்திரை இருக்கும் துண்டை வெட்டி, பெரிய சாமானின் அடியில் பற்றாசு (ஒட்டுவதற்கு உருக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதிவிடுவார்கள். முத்திரை நூற்றுக்கு நூறு அசல், சாமான் நேற்றுச் செய்தது. முத்திரைமேல் வாயால் ஒரு ஆவி விடுங்கள். பனி படரும்போது பற்றுப்போட்ட கோடு தனியாகத் தெரியும், பற்றாசின் கலவை வேறு என்பதால். கரண்டிக்கு இப்படிச் செய்யமாட்டார்கள், லாபமில்லை. கிண்ணம், டீ பாட் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

#9 பழஞ்சரக்கு

அடியில் முத்திரை, மூடியில் ஒன்றுமில்லை என்றாலும் யோசியுங்கள். கழற்றக்கூடிய பகுதிகளுக்குத் தனித்தனியாக முத்திரை போடுவது வழக்கம், சின்னப் பகுதிக்குச் சின்ன முத்திரை.

தேநீர்ப்பிரியை அம்மா, ஆறு கரண்டியையும் வெள்ளைத் துணியில் குப்புறப் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணி அடித்தவன் மனிதன். செய்தவர் தன் முத்திரையைப் பட்டறையில் அடித்தார், நகரச் சின்னமும் சோதகர் எழுத்தும் சோதனை அலுவலகத்தில் விழுந்தன. ஆறு கரண்டியில் ஆறு விதமாகத்தான் விழும். ஒன்றில் குதிரை சாய்ந்திருக்கும், ஒன்றில் 84 காம்பின் ஓரத்தை உரசும், ஒன்றில் ஆணி நழுவி இரட்டையாக விழுந்திருக்கும். அந்த ஒழுங்கின்மைதான் நல்ல அறிகுறி. அப்படியே ஸ்கேலால் நீளமும் அளந்துவிடுங்கள்.

#10 துபாய்வாசி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பூவேலை செய்த ஒரு வெள்ளிப் பெட்டி இருக்கிறது, 84 என்று மட்டும் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. ரஷ்யாவா? இன்னொரு தட்டு, இரட்டைத் தலைக் கழுகு முத்திரையோடு "ஃப்ராஜெட்" என்று எழுதியிருக்கிறது. ஜார் அரண்மனைச் சாமானாக இருக்குமா?

#11 நெவாக்கரை

பெட்டி பெரும்பாலும் ஈரான். ஈரானிய வெள்ளியிலும் 84 தரம் உண்டு. எண்ணை மட்டும் வைத்து ரஷ்யா என்று சொல்ல முடியாது. தட்டு வெள்ளியே இல்லை, மேலே வெள்ளி முலாம். ஃப்ராஜெட், நோர்ப்லின் இரண்டும் வார்சாவின் முலாம் பூசிய சாமான் நிறுவனங்கள். வார்சா அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது, அதனால்தான் கழுகு. கழுகைப் பார்த்ததும் அரண்மனைக்கு ஓடாதீர்கள், தர எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

#12 தேநீர்ப்பிரியை

ஐயா சொன்னபடி ஆறையும் துணியில் வைத்தேன். வயிற்றைக் கலக்குகிறது.

ஆறிலும் குதிரை ஒரே அளவு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆறிலும் 1875இன் 5க்கும் காம்பின் ஓரத்துக்கும் இடையே ஒரே இடைவெளி. ஆறிலும் 84க்குக் குறுக்கே ஒரு சிராய்ப்பு, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில். அதோடு கரண்டி நுனியின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதே, பழசு என்பதற்கு அதுதான் சாட்சி என்று விற்றவர் காட்டினாரே, அந்தத் தேய்மானமும் ஆறிலும் ஒரே வடிவம்.

நீளம் அளந்தேன். ஐந்து கரண்டி 138 மில்லிமீட்டர். ஒன்று மட்டும் 141. இது எப்படி?

#13 கப்பிக்கல்

ஆறு பேர் ஒரே கையால் ஒரே கோணத்தில் நூறு வருடம் ஒரே கோப்பையைக் கலக்கியிருக்கிறார்கள். பாசமான குடும்பம்.

#14 உரைகல்

அக்கா, அந்த 141ஐத் தனியாக எடுத்து வையுங்கள். அதுதான் தாய், மற்ற ஐந்தும் குட்டிகள்.

வார்ப்பில் சுருக்கம் உண்டு. அசல் கரண்டிமேல் ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு ஊற்றி, மெழுகைச் சுற்றி மண் கட்டி, வெள்ளி ஊற்றுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கும். நூற்றுக்கு இரண்டு என்பது எங்கள் பட்டறையில் சாதாரணம். 141இல் இரண்டு சதவீதம் போனால் 138. உங்கள் ஸ்கேல் சொல்வதும் அதுதான்.

இப்போது அந்தச் சிராய்ப்பைப் பாருங்கள். 141இல் நகம் மாட்டும். மற்றதில் வழுக்கிக்கொண்டு போகும்.

#15 தேநீர்ப்பிரியை

அண்ணா, அப்படியே இருக்கிறது. பெரியதில் சிராய்ப்பு கத்தியால் கீறியது மாதிரி, நகம் டக் என்று நிற்கிறது. மற்ற ஐந்தில் அது வெறும் பள்ளம், தண்ணீர் ஓடிய தடம் மாதிரி. லென்ஸில் பார்த்தால் குதிரையின் வயிற்றுக்குக் கீழே குட்டிக் குட்டிக் குழிகள். பெரியதில் ஒன்றுகூட இல்லை. டிராகனின் வால்கூடத் தெரிகிறது, இவ்வளவு நேரம் கவனிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். பெரியதிலேயே புதிதாக ஆணி செய்து முத்திரை அடித்திருக்கலாமே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

#16 பழஞ்சரக்கு

இந்தக் கேள்வியை நான் அந்தச் சந்தையில் கேட்டிருந்தால் இரண்டு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

சிராய்ப்புதான் இதற்கும் சாட்சி. பழைய சாமான் முழுக்க நுண்ணிய கீறல்கள் இருக்கும். முத்திரை முதலிலேயே விழுந்திருந்தால் கீறல்கள் அதன்மேல் ஏறிப் போகும், எழுத்தின் மேட்டையும் வெட்டிக்கொண்டு போகும். நேற்று அடித்த முத்திரை என்றால் கீறல் முத்திரையின் ஓரம் வரை வந்து அங்கே நசுங்கிக் காணாமல் போகும், அடுத்த பக்கத்தில் மறுபடி தொடங்கும். உங்கள் பெரிய கரண்டியில் சிராய்ப்பு 84ன் மேட்டை வெட்டியிருக்கிறதா?

பிறகு சாமானையும் பார்க்க வேண்டும். 1875 என்று போட்டுவிட்டு, 1900ஐ ஒட்டி வந்த கொடி வளைவு வேலைப்பாடு இருந்தால் முத்திரை என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். நான் இப்போதெல்லாம் சாமானைக் கையில் வாங்கினால் முத்திரையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் காலத்தை நானே மனதில் ஊகித்துக்கொள்வேன், அப்புறம் திருப்புவேன். முத்திரையை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்குத் தோதாகவே மற்றதையும் பார்க்கும், என் கண் அப்படித்தான்.

#17 நெவாக்கரை

மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு உபரிச் சோதனை. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், மெய்யில் முடிகிற ரஷ்யப் பெயரின் கடைசியில் "கடினக் குறி" என்று ஓர் எழுத்து வரும், அதற்கு ஒலி கிடையாது. சாஸிகோவ், ஒவ்சின்னிகோவ் மாதிரி பெரிய வெள்ளிப் பட்டறைகளின் முழுப்பெயர் முத்திரையில் அது இருக்க வேண்டும். இப்போது பள்ளியில் ரஷ்ய மொழி படித்த போலிக்காரர் அதை மறந்துவிட வாய்ப்புண்டு. அது இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டமாட்டேன், ஆனால் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு மற்றதைப் பார்ப்பேன். ஃபாபெர்ஜே உயிரெழுத்தில் முடிகிற பெயர், அங்கே இந்த வலையில் யாரும் விழமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ எல்லோரும் ஃபாபெர்ஜேயையே போலி செய்கிறார்கள்.

#18 கப்பிக்கல்

சந்தையில் வாங்கினால்தானே இந்தக் கவலை. மியூசியத்தில் இருப்பது அசல்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2021இல் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜில் நடந்த ஃபாபெர்ஜே கண்காட்சியில் இருந்த பல பொருள்கள் போலி என்று லண்டன் வியாபாரி ஒருவர் பகிரங்கக் கடிதமே எழுதினார். அருங்காட்சியகம் மறுத்தது. அங்கேயே அப்படி என்றால் 210 யூரோவுக்கு அழாதீர்கள் சகோதரி.

#19 தேநீர்ப்பிரியை

அழவில்லை, கோபம்தான். பழஞ்சரக்கு ஐயா, 84இல் 4ன் குறுக்குக் கோட்டைச் சிராய்ப்பு வெட்டியிருக்கிறது. கோடு இரண்டாக உடைந்து தெரிகிறது. வேலைப்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை, காம்பில் ஒரு ஓரக்கோடு, அவ்வளவுதான்.

இன்று மாலை பக்கத்து நகைக்கடையில் கெஞ்சிக் கேட்டு எக்ஸ்ரே மெஷினில் வைத்தேன். பெரியது 87.1. மற்ற ஐந்தும் 92.4, 92.6 என்று வருகின்றன.

#20 உரைகல்

ஐயா என்னை மடக்கியதும் நடந்தது, கடைசியில் நான் சொன்ன மெஷினும் வேலை செய்தது. ஊற்றியவன் சோம்பேறி, கடையில் கிடைக்கும் 92.5ஐ அப்படியே உருக்கியிருக்கிறான். கொஞ்சம் செம்பு சேர்த்திருந்தால் மெஷினையும் ஏமாற்றியிருக்கலாம். இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

87.1ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும், சற்று முன்பின்னாக வருவது சகஜம்.

#21 பழஞ்சரக்கு

ஒரு அசல் கரண்டியை ஐந்து பிள்ளைகளுக்கு நடுவே வைத்து விற்றது தற்செயலல்ல. கேட்பவருக்கு அந்த ஒன்றைத்தான் லென்ஸில் காட்டியிருப்பார். உங்களுக்கும் அப்படித்தானே காட்டினார்?

#22 தேநீர்ப்பிரியை

ஆமாம். மேலே இருந்ததை எடுத்து அவரே லென்ஸையும் கொடுத்தார். மற்றதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை நான்.

வரும் ஞாயிறு ஐந்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஸ்கேலும் கொண்டுபோகிறேன். பணம் திரும்ப வருமோ வராதோ, அந்த 138ஐ அவர் முன்னால் அளந்து காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. பெரியதை வைத்துக்கொள்கிறேன்.

இழை இவ்வளவு நீண்டதால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அப்பா எழுபதுகளில் கீவில் இன்ஜினியரிங் படித்தார். வரும்போது ஒரு தேநீர் கிளாஸ் தாங்கி கொண்டுவந்தார், பக்கத்தில் ஸ்புட்னிக் படம், கைப்பிடியோடு. வெள்ளி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். அடியில் மூன்று ரஷ்ய எழுத்து, ஆங்கில எம், எச் மாதிரி இரண்டு, மூன்றாவது யு மாதிரி, கீழே வால் இருக்கிறது. எண் எதுவும் இல்லை.

#23 நெவாக்கரை

எம், என், ட்ஸெ. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றின் ரஷ்யப் பெயர்களுடைய முதலெழுத்து. வெள்ளி இல்லை அக்கா, மேலே வேண்டுமானால் மெல்லிய முலாம் இருக்கலாம். ரஷ்ய ரயிலில் தேநீர் இதில்தான் வரும், பெயர் பத்ஸ்தகான்னிக். ஸ்புட்னிக் இருப்பதால் 1957க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அப்பா வாங்கிய காலத்தோடு பொருந்துகிறது. இதற்கு யாரும் போலி செய்ய மாட்டார்கள்.

#24 தேநீர்ப்பிரியை

அப்பாவிடம் சொல்லமாட்டேன். அதற்குள் இருந்த கண்ணாடி கிளாஸ் வீடு மாறும்போது உடைந்துவிட்டது, இங்கே கிடைக்கிற எதுவும் பொருந்தவில்லை, உள்ளே ஆடுகிறது. யாரிடமாவது கூடுதலாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

#25 பழஞ்சரக்கு

என்னிடம் நாலு இருக்கின்றன, மெல்லிய கண்ணாடி. உங்கள் தாங்கியின் உள்விட்டத்தை அளந்து தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஸ்கேல்தான் கையிலேயே இருக்கிறதே.